சக்தி கூட்டிய காருக்குக் கிளட்ச்: பணத்தை எங்கே போடுவது, எங்கே போடக் கூடாது

மூன்றாவது கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதிக்கிறீர்கள். ஆர்.பி.எம். முள் 3,000லிருந்து 4,000க்குத் தாவுகிறது. வண்டி மட்டும் இருந்த வேகத்திலேயே போகிறது. கொஞ்ச நேரத்தில் கருகிய வாடை. பொள்ளாச்சிப் பட்டறையில் "இழுவை இல்லீங்க" என்பார்கள். கோபாலபுரம் தாண்டிக் கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் அதையே "வலிவில்லா" என்பார்கள். எந்தப் பக்கம் போனாலும் அடுத்து வரும் வார்த்தை ஒன்றுதான்: கியர்பாக்ஸ் இறக்கணும்.

ரீமேப் செய்து, அதாவது என்ஜின் கணினியின் மென்பொருளைத் திருத்தி, டார்க் (முறுக்கு விசை) கூட்டிய டர்போ பெட்ரோல், டீசல் கார்களில் இது அடிக்கடி நடக்கிறது. அங்கேதான் குழப்பமும் ஆரம்பிக்கிறது. ஸ்டேஜ் 1, ஸ்டேஜ் 3, கெவ்லர், செராமிக், ஆறு பக் என்று பெயர்கள் வந்து விழும். விலையோ அசல் கிளட்ச் செட்டைப்போலப் பல மடங்கு. உண்மையில் தெருவில் ஓடும் பெரும்பாலான கார்களுக்கு இதில் பாதி தேவையே இல்லை. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தால் எது தேவை என்பது தெரிந்துவிடும்.

முதலில், வழுக்குவது கிளட்ச்தானா?

என்ஜின் நன்றாகச் சூடான பிறகு, வாளையாறு தாண்டிய நான்குவழிச் சாலை போன்ற சமதளத்தில், பின்னால் வண்டி வராத நேரத்தில் சோதியுங்கள். நான்காவது அல்லது ஐந்தாவது கியரில் நிமிடத்துக்கு 1,800, 2,000 சுழற்சியில் போய்க்கொண்டிருக்கும்போது முழுக்க மிதிக்க வேண்டும். முள்ளும் வேகமும் கைகோத்து ஏறினால் கிளட்ச் நலம். முள் மட்டும் துள்ளினால் வழுக்குகிறது. ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு மூன்றாவது கியரில் கிளட்சை விட்டுப் பார்க்கும் பழைய சோதனையை விட்டுவிடுங்கள். நன்றாக இருக்கும் கிளட்சையும் அது தேய்த்துவிடும்.

வழுக்கினால் உடனே பிளேட் தேய்ந்துவிட்டது என்றும் முடிவுகட்ட வேண்டாம். கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீல் கசிந்து லைனிங்கில், அதாவது பிளேட்டின் உராயும் முகத்தில், எண்ணெய் ஊறியிருக்கலாம். கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் சீலும் இதையே செய்யும். கிளட்ச் மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பும் துளை அடைத்துக்கொண்டால், காலை எடுத்த பிறகும் பெடல் லேசாக மிதித்தபடியே இருக்கும். கேபிள் உள்ள பழைய வண்டியில் கேபிளை அளவுக்கு மேல் இறுக்கியிருந்தாலும் இதே கதைதான். காரணத்தைப் பார்க்காமல் விலை உயர்ந்த செட்டைப் போட்டால், புது லைனிங்கும் அதே எண்ணெயில் ஊறும்.

பிடிமானத்தின் கணக்கு

கிளட்ச் என்பது மூன்று சாமான். என்ஜினோடு சுற்றும் ஃப்ளைவீல் ஒன்று. கியர்பாக்ஸ் ஷாஃப்டில் நிற்கும் கிளட்ச் பிளேட் இன்னொன்று. அந்தப் பிளேட்டை ஃப்ளைவீலோடு சேர்த்து அமுக்கும் பிரஷர் பிளேட் மூன்றாவது. இந்தச் சாண்ட்விச் எவ்வளவு டார்க் வரை வழுக்காமல் பிடிக்கும் என்பதை அமுக்கும் விசை, லைனிங்கின் சராசரி ஆரம், உராய்வு எண் ஆகிய மூன்றும் தீர்மானிக்கின்றன. இவற்றைப் பெருக்கி, லைனிங்குக்கு இரண்டு முகம் என்பதால் மேலும் இரண்டால் பெருக்கினால் நியூட்டன் மீட்டரில், அதாவது என்.எம்.மில் விடை வரும்.

228 மி.மீ. பிளேட்டை எடுத்துக்கொள்வோம். லைனிங்கின் உள்விட்டம் 150 மி.மீ. என்றால் சராசரி ஆரம் 94.5 மி.மீ. பிரஷர் பிளேட் 5,000 நியூட்டன் விசையில் அமுக்குகிறது. அரை டன் எடையைத் தூக்கி வைத்த மாதிரி. சாதாரண ஆர்கானிக் லைனிங்கின் உராய்வு எண்ணை 0.3 என்று வைத்தால், 2 × 0.3 × 5,000 × 0.0945 = 283 என்.எம். அசலில் 250 என்.எம். தரும் என்ஜினுக்கு இது ஓரளவு போதும். அதே என்ஜினை ரீமேப் செய்து 330க்கு ஏற்றினால் போதாது, வழுக்கத்தான் செய்யும்.

இப்போது எதைக் கூட்டலாம்? விசையை மட்டும் கூட்டினால் பெடல் கனக்கும். 6,000 நியூட்டன் ஆக்கினால் 340 வரும். 330க்கு அது நூலிழை. சூடேறும்போது உராய்வு எண் இறங்கும் என்பதால் என்ஜின் டார்க்குக்கு மேல் 20 முதல் 25 சதவீதம் இருப்பு வேண்டும். அப்படியானால் 330க்குத் தேவை சுமார் 400. அதே 6,000 நியூட்டனோடு 0.35 உராய்வு எண் உள்ள நல்ல லைனிங்கைச் சேர்த்தால் 397 வந்துவிடுகிறது. பக் (தனித்தனி வில்லை) செராமிக்கின் பக்கமே போகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இந்தக் கணக்கில் குதிரைத்திறன் எங்கேயும் வரவில்லை. கிளட்சுக்கு வேண்டியது டார்க் எண் மட்டுமே. ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா கார்களின் 1.5 டிஎஸ்ஐ என்ஜின் 250 என்.எம்.மை 1,600 சுழற்சியிலேயே தந்துவிடுகிறது. அதனால் கிளட்ச் சோர்ந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது உயர்ந்த கியரும் தாழ்ந்த சுழற்சியும் சேரும் இடம்தான். சிவப்புக்கோடு வரை முறுக்கும்போது அல்ல.

செலவே இல்லாத ஒரு வழி இதிலிருந்து கிடைக்கிறது. ட்யூன் செய்பவரிடம் தாழ்ந்த சுழற்சியில் டார்க்கை 300க்குள் கட்டிப்போட்டு, மேலே போகப்போக அதை விழாமல் தாங்கச் சொல்லுங்கள். குதிரைத்திறன் என்பது டார்க்கும் சுழற்சியும் பெருகி வருவது. 250 என்.எம்.மை 5,500 சுழற்சியில் தாங்கிப் பிடித்தாலே கணக்குப்படி 196 குதிரைத்திறன் ஆகிறது. சின்ன டர்போ அந்த உயரத்தில் மூச்சு வாங்கும், முழுசாகக் கிடைக்காது. ஆனாலும் 300க்குக் கட்டிய வண்டிக்கு 360 தாங்கும் கிளட்ச் போதும். 240 மி.மீ. பிளேட்டும் 6,000 நியூட்டனும் ஆர்கானிக் லைனிங்கிலேயே கிட்டத்தட்ட அந்த அளவைத் தந்துவிடும். ஒரு ரீமேப் ஃபைல் திருத்தத்தில் கிளட்ச் செலவு ஒரு படி இறங்குகிறது.

எண்களைப் படிக்கும்போது அலகைப் பாருங்கள். அமெரிக்கக் கம்பெனிகள் பவுண்டு-அடியில் எழுதும். 1 பவுண்டு-அடி 1.356 என்.எம்., ஆகவே அவர்களின் 300 நமக்கு 407. டைனோ எனும் சக்தி அளக்கும் கருவியில், சக்கரத்தில் அளந்த எண் என்றால், முன்சக்கர இழுவைக் காருக்கு 15 சதவீதம் போலக் கூட்டினால்தான் ஃப்ளைவீலில் வருவது தெரியும். ஸ்டேஜ் எண்ணுக்கோ எந்தப் பொது அளவுகோலும் கிடையாது. ஒரு கம்பெனியின் ஸ்டேஜ் 2, இன்னொன்றின் ஸ்டேஜ் 1ஐவிடக் குறைவாகத் தாங்கலாம். பெட்டியில் என்.எம். எண் போடாத கிளட்சை வாங்காதீர்கள்.

சூடுதான் எமன்

பிடிமானம் எவ்வளவு இருந்தாலும், கிளட்ச் பாதி பிடித்துப் பாதி வழுக்கும் அந்தச் சில நொடிகளில் எழும் சூட்டை அது தாங்கியாக வேண்டும். 1,400 கிலோ காரை நின்ற இடத்திலிருந்து கிளட்சால் மணிக்கு 20 கி.மீ. வரை இழுத்துக் கொண்டுவந்தால் சுமார் 22 கிலோஜூல் சூடு லைனிங்கில் இறங்குகிறது. அதிக ஆர்.பி.எம்.மில் வைத்து 40 கி.மீ. வரை வழுக்கவிட்டால் அது இரட்டிப்பாவதில்லை, நான்கு மடங்காகிறது.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். நெல்லியாம்பதி ஏறினாலும் வளைவுக்குப் பஞ்சமில்லை. முன்னால் பஸ் ஒன்று திரும்ப முடியாமல் நிற்கிறது; நீங்கள் பிரேக்கைத் தொடாமல் கிளட்சிலேயே வண்டியை மேட்டில் தாங்கி நிற்கிறீர்கள். பத்துக்கு ஒன்று ஏறும் சரிவில், 1,200 சுழற்சியில் அப்படி நின்றால் ஏறக்குறைய மூன்றரை கிலோவாட் சூடு எழுகிறது. இரண்டு இண்டக்‌ஷன் அடுப்பை முழு வேகத்தில் வைத்து, மூடிய டப்பாவுக்குள் போட்ட மாதிரி. எந்த ஸ்டேஜ் கிளட்சும் இதற்குத் தப்பாது. மேட்டில் ஹேண்ட்பிரேக் பிடிக்கும் பழக்கம் வந்துவிட்டால் கிளட்ச் பட்ஜெட்டே குறையும் என்று கேலியாகச் சொல்வார்கள். கேலி இல்லை.

லைனிங் வகைகளை இந்தச் சூட்டை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். ஆர்கானிக் என்பது நாரும் பிசினும் உலோகத் துகளும் சேர்த்து அழுத்தியது. மென்மையாகப் பிடிக்கும், ஃப்ளைவீலைத் தின்னாது. 250 டிகிரிக்கு மேல் பிசின் இளகத் தொடங்கும். வாடை அங்கிருந்துதான் வருகிறது. ஒருமுறை வாடை அடித்து ஆறினால் பெரும்பாலும் மீண்டுவிடும். திரும்பத் திரும்ப அடித்தால் முகம் கண்ணாடிபோல் பளபளத்து, பிடிமானம் போய்விடும். கெவ்லர், அதாவது அராமிட் லைனிங் நீண்ட நாள் உழைக்கும், பிடிப்பும் மென்மை. ஆனால் பழகுவதற்குள் சூடேற்றினால் பளபளத்துவிடும், பிறகு எளிதில் மீளாது. பொறுமை இல்லாதவருக்குக் கெவ்லர் வீண் செலவு.

செராமிக் பக் வகையில் முழு வட்டத்துக்குப் பதில் மூன்று, நான்கு, ஆறு என்று தனித்தனி வில்லைகள் இருக்கும். உராய்வு எண் 0.4ஐத் தொடும், சூட்டுக்கும் அஞ்சாது. செட்டிப்பாளையம் காரி மோட்டார் ஸ்பீட்வே மாதிரி பந்தயத் தளத்தில் இது சரியான ஆயுதம். அங்கே ஒருமுறை கிளம்பினால் நிற்கிற வேலை இல்லை. பாலக்காடு நகரத்துக்குள் எடுத்துப் போனால் பிடித்தது, விட்டது என்று இரண்டே நிலை. மேட்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது கார் தவளைபோல் துள்ளும். ஃப்ளைவீல் முகத்தையும் அது சீக்கிரம் அரித்துவிடும். தினமும் ஆபீசுக்குப் போகும் காருக்கு இதை யாராவது சிபாரிசு செய்தால், அவர் அந்த வண்டியை ஓட்டப்போவதில்லை என்று அர்த்தம்.

பிளேட்டின் நடுவிலும் ஒரு கண் வைக்க வேண்டும். அங்கே சுற்றிலும் சுருள் ஸ்ப்ரிங் இருந்தால் என்ஜினின் அதிர்வை அது விழுங்கும். ஸ்ப்ரிங் இல்லாத திடமான நடுப்பகுதி விலை குறைவாகக் கிடைக்கும். அதிர்வு முழுக்கக் கியர் பற்களுக்குப் போகும். இரண்டு லைனிங்குக்கும் நடுவே அலைபோல் வளைந்த மெல்லிய தகடு இருப்பதும் மென்மையான பிடிப்புக்காகவே. அது இல்லாத பிளேட், கிளட்சை விடும்போது வெடுக்கென்று பிடிக்கும்.

மலிவாக, ஆனால் சரியாக

முதலில் தேட வேண்டியது உங்கள் காரின் அண்ணன் வண்டியை. ஒரே கியர்பாக்ஸ் குடும்பத்தில் பெரிய என்ஜினுக்குப் போட்ட அசல் கிளட்ச், சின்ன என்ஜினுக்குப் பல நேரம் அப்படியே உட்காரும். ஐரோப்பாவில் 1.8 டர்போ ஃபோக்ஸ்வாகன்காரர்கள் பழைய ஜி60 ஃப்ளைவீலும் விஆர்6 என்ஜினின் கிளட்சும் போட்டு ஓட்டுவது இந்தச் சூத்திரத்தில்தான். லுக், சாக்ஸ், வாலியோ, எக்ஸெடி போன்ற அசல் சப்ளையர்களின் பாகம், அசல் மென்மை, பந்தய பிராண்டுக்குத் தரும் விலையும் இல்லை. வாங்குமுன் ஐந்தைப் பொருத்திப் பாருங்கள்: இன்புட் ஷாஃப்டின் பல் எண்ணிக்கை, அதன் விட்டம், பிளேட் விட்டம், பிரஷர் பிளேட் போல்ட் துளைகள், ரிலீஸ் பேரிங் (பெடலை மிதித்ததும் பிரஷர் பிளேட்டைத் தள்ளி விலக்குவது) தொடும் இடத்தின் உயரம். கடைசியானதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். அந்த உயரம் மாறினால் கிளட்ச் முழுக்க விலகாது, கியர் கடகடக்கும்.

அண்ணன் வண்டி கிடைக்கவில்லையென்றால், கனமான பிரஷர் பிளேட்டோடு ஸ்ப்ரிங் உள்ள முழுவட்ட ஆர்கானிக் பிளேட்டைச் செட்டாக வாங்குங்கள். தெருக் காருக்கு 400 என்.எம். வரை இதுதான் எங்கள் ஓட்டு. அதற்கு மேல் போனால் கெவ்லரோ, ஒரு பக்கம் ஆர்கானிக் மறுபக்கம் செராமிக் உள்ள கலப்புப் பிளேட்டோ பார்க்கலாம்.

வாங்கவே கூடாதது, பழைய பிளேட்டில் ரிவெட் அடித்துப் புது லைனிங் ஒட்டிய ரீலைனிங் சரக்கு. நடு ஸ்ப்ரிங்குகள் தளர்ந்தவை, அலைத்தகடு தட்டையாகிவிட்டது. லைனிங் மட்டும் புதுசு. 6,000 சுழற்சியில் அந்த லைனிங் சிதறினால் கியர்பாக்ஸின் வெளிக்கூடும் சேர்ந்து உடையலாம்.

ஃப்ளைவீல் தனிச் செலவு. இரட்டை நிறை ஃப்ளைவீல் (நடுவே ஸ்ப்ரிங் வைத்து இரண்டு துண்டாகச் செய்தது) உள்ள காரில் அதன் ஆட்டத்தைக் கையேட்டு அளவோடு ஒப்பிட வேண்டும். ஐடிலில் கடகட சத்தம் வந்து, கிளட்சை மிதித்ததும் அந்தச் சத்தம் மாறினால் சந்தேகப்படுங்கள். இதைச் சாதாரணமாக லேத்தில் கொடுத்து முகம் எடுக்க முடியாது. ஒற்றை நிறை ஃப்ளைவீலுக்கு மாற்றினால் அடுத்தமுறை செலவு குறையும், சக்தியும் தாங்கும். பதிலுக்கு டீசலில் ஐடில் அதிர்வும் கியர்பாக்ஸ் சலசலப்பும் கூடும். அப்படி மாற்றும்போது ஸ்ப்ரிங் உள்ள பிளேட் கட்டாயம். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால் எடைக்குத் தகுந்த கூலியும் சுங்க வரியும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். ஃப்ளைவீல் கனமான சாமான்.

கியர்பாக்ஸ் இறங்கியபோது

மலிவு கிளட்சுக்கும் விலை உயர்ந்ததற்கும் இறக்கி ஏற்றும் கூலி ஒன்றுதான். அதனால் ரிலீஸ் பேரிங், கிராங்க் பின்சீல், இன்புட் ஷாஃப்ட் சீல், ஃப்ளைவீல் போல்ட்டுகள், இருந்தால் பைலட் பேரிங் (இன்புட் ஷாஃப்டின் நுனியைத் தாங்குவது), எல்லாவற்றையும் அப்போதே மாற்றிவிடுங்கள். இழுபடும் வகை போல்ட்டை மறுபடி போடுவது ஆபத்து. நூறு ரூபாய் சீலை மிச்சம் பிடித்து மறுபடி கியர்பாக்ஸ் இறக்கியவர்கள் எல்லைக்கு இருபுறமும் உண்டு.

ஒற்றை நிறை ஃப்ளைவீலில் நீலத் திட்டோ மயிரிழை வெடிப்போ இருக்கிறதா பாருங்கள். மேலோட்டமான கோடு என்றால் லேத்தில் முகம் எடுக்கலாம். ஆழமான வெடிப்பு என்றால் தூக்கிப் போடுங்கள். பிரஷர் பிளேட் உட்காரும் விளிம்பு தனிப் படியாக இருந்தால் அந்தப் படியிலும் அதே அளவு எடுக்க வேண்டும், இல்லையேல் அமுக்கும் விசை குறையும். புதுப் பாகத்தில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவியிருப்பார்கள். பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். பிளேட்டில் எந்தப் பக்கம் கியர்பாக்ஸுக்கு என்று எழுதியிருக்கும், திருப்பிப் போட்டுவிடாதீர்கள். ஷாஃப்ட் பல்லில் கிரீஸ் பட்டாணி அளவு போதும். அதிகமானால் சுற்றும்போது தெறித்து லைனிங்கில் ஒட்டும். நடுப்படுத்தும் கருவியை வைத்துவிட்டு, பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, ஒரு சுற்றுக்குக் கொஞ்சமாக இறுக்கி, கடைசியில் கையேட்டு அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடியுங்கள். ஒரே பக்கம் இறுக்கிக்கொண்டு போனால் மூடி வளைந்து, முதல் நாளே கிளட்ச் நடுங்கும்.

கியர்பாக்ஸை ஏற்றும்போது அதன் எடையைப் பிளேட்டில் தொங்கவிடக் கூடாது, நடுப்பகுதி வளைந்துவிடும். ஜாக் பிடித்தே இருக்க வேண்டும். கடைசியாக, ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் டாட் 4 திரவம் (பிரேக் ஆயில்) மாற்றி, குழாயில் தங்கிய காற்றை எடுங்கள்.

பழக்கும் காலம்

ஆர்கானிக்குக்கு 800 கி.மீ., கெவ்லருக்கு 1,500 கி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். கோயம்புத்தூரிலிருந்து கொச்சிக்குப் போய்வந்தால் ஏறக்குறைய 400 கி.மீ. ஓடிவிட்டது என்று கணக்கெழுத வேண்டாம். நெடுஞ்சாலையில் கிளட்ச் பூட்டியபடியே கிடக்கிறது, அது பழகுவதில்லை. நின்று கிளம்பி, கியர் மாற்றி ஓடும் ஊர்க் கிலோமீட்டரைத்தான் எண்ண வேண்டும். அதுவரை முழு மிதி இல்லை, மலை இல்லை. ரீமேப் ஏற்கெனவே ஏறியிருந்தால் அசல் ஃபைலுக்குத் திரும்பி ஓட்டுவது இன்னும் நல்லது.

கிளட்ச் வழுக்காமல் பிடிக்கத் தொடங்கியதும் அடுத்த பலவீனம் வெளியே வரும். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் எம்கியூ200, எம்கியூ250, எம்கியூ350 கியர்பாக்ஸ்களில் அந்த எண்ணே தாங்கும் என்.எம். அளவைக் குறிக்கிறது. 250 கியர்பாக்ஸுக்கு 500 தாங்கும் கிளட்ச் போட்டால், ஃப்யூஸை எடுத்துவிட்டுக் கம்பி கட்டிய வேலைதான். உடைவது கியராக இருக்கும்.

சட்டத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுவோம். பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் கேரளத்து வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. கிளட்ச் அந்தச் சான்றில் வராது. ஆனால் ரீமேப்பும் சத்தமான எக்ஸாஸ்டும் வேறு கணக்கு; வாரண்டியும் கேள்விக்குள்ளாகும்.

மழைக்காலத்தில் பாலக்காட்டுப் பக்கம் இன்னொரு தொல்லை உண்டு. நனைந்த காரை இரண்டு மூன்று வாரம் நிறுத்திவைத்தால் லைனிங் ஃப்ளைவீலோடு துருவில் ஒட்டிக்கொள்ளும், இரும்புச் சத்து அதிகமுள்ள லைனிங் சீக்கிரமாகவே. கிளட்சை மிதித்தாலும் கியர் விழாது. என்ஜினைச் சூடாக்கி அணைத்துவிட்டு, ஆள் இல்லாத வெளியில் இரண்டாவது கியரில் கிளட்சை மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். வண்டி நகரத் தொடங்கும். கிளட்சை விடாமல் ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தட்டித் தட்டி எடுத்தால் பெரும்பாலும் டப்பென்று விட்டுவிடும். ஜூன், ஜூலையில் ஓட்டாத வண்டியை வாரம் ஒருமுறை எடுத்து, தெருமுனை வரை நாலைந்து தடவை நின்று கிளம்பி வந்து நிறுத்தினால் இந்த வேலையே வராது.